ஏர் பிடித்தவர் அதிகாரியானார்: சீமன் நாப்பின் வாழ்க்கையும் பணியும்

விவசாய விஞ்ஞானத்தின் வரலாற்றைக் கூறும் நூல்கள், புதிய விதையைத் தோற்றுவித்தவரையும், மண்ணின் சத்துக்களைப் பகுத்தறிந்தவரையும், பூச்சிகளின் வாழ்க்கையை ஆராய்ந்தவரையும் போற்றுகின்றன. அது முறையே. ஆயினும், அவ்வறிஞர்கள் கண்ட உண்மைகள் ஆராய்ச்சிச் சாலையின் வாயிலைக் கடந்து உழவனின் வயலை எவ்வாறு சென்றடைந்தன என்னும் கேள்விக்கு அந்நூல்கள் அதிக இடம் தருவதில்லை. அந்த வழியை அமைப்பதும் ஒரு கண்டுபிடிப்பே. அதனை அமைத்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த சீமன் அசாஹெல் நாப் என்பவராவார். ஆசிரியராகவும், குடியானவராகவும், கல்லூரித் தலைவராகவும், நெல் பயிரிடுவோராகவும் வாழ்ந்த பிறகு, பிறர் ஓய்வை நாடும் வயதில் அவர் தம் நாட்டின் விவசாய இலாகாவில் உத்தியோகம் ஏற்றார். அவர் வகுத்த முறை, பின்னாளில் நம் நாடு உட்படப் பல நாடுகளின் விவசாய விரிவாக்கப் பணிக்கு முன்மாதிரியாயிற்று.

நோயும் பனியும்

நாப் 1833-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தின் வட பகுதியில் பிறந்தார். 1856-இல் யூனியன் கல்லூரியில் பட்டம் பெற்று, பத்தாண்டுக் காலம் ஆசிரியத் தொழிலில் ஈடுபட்டிருந்தார். காலில் நேர்ந்த பலத்த காயம் ஒன்று அவ்வாழ்க்கையை மாற்றியது. நெடுநாள் ஊன்றுகோலின் துணையுடனேயே நடமாட வேண்டியிருந்த அவர், திறந்த வெளியும் பண்ணை வாழ்வும் உடலைத் தேற்றும் என்று நம்பி, 1866-இல் மனைவி மக்களுடன் மேற்கே அயோவா மாநிலத்திற்குக் குடியேறினார். வின்டன் என்னும் ஊருக்கு அருகில் நிலம் வாங்கி ஆட்டு மந்தை ஒன்றை வளர்க்கத் தொடங்கினார். முதற் குளிர்காலத்தின் கடுமையில் அந்த மந்தை அழிந்தது.

கையிலிருந்த முதல் கரைந்தபின் அவர் சில காலம் பாதிரியாராகப் பணியாற்றினார்; பின்னர் அவ்வூரிலிருந்த பார்வையற்றோர் கல்லூரியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். உடல் தேறியதும் மீண்டும் பண்ணைக்கே திரும்பினார். இம்முறை பர்க்ஷயர் பன்றிகளையும் ஷார்ட்ஹார்ன் மாடுகளையும் தேர்ந்தெடுத்து வளர்த்தார். கால்நடை வளர்ப்போருக்கெனப் பத்திரிகை ஒன்றையும் நடத்தினார். நல்ல இனம், நல்ல தீவனம், ஒழுங்கான கணக்கு ஆகிய மூன்றுமே பண்ணையை வாழவைப்பவை என்பது அவருடைய எழுத்துக்களின் சாரம்.

அவர் முதலில் பெற்ற இழப்பு அற்பமானதன்று. புத்தகத்தில் கற்றுப் பண்ணைக்கு வந்த ஒருவர், ஒரே பருவத்தில் தம் உடைமையை இழந்தால் என்ன நேரும் என்பதை அவர் அனுபவத்தில் அறிந்தார். குடியானவன் புதியதை ஏற்கத் தயங்குவது அறியாமையால் மட்டும் அன்று என்பதும், ஒரு பிழை நேர்ந்தால் அதன் சுமை முழுவதும் அவனது குடும்பத்தின் மீதே விழும் என்பதும் அவருக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியவை அல்ல.

கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும்

1880-ஆம் ஆண்டில் அயோவா விவசாயக் கல்லூரி அவரைப் பேராசிரியராக அழைத்தது. 1883-84-இல் அவர் அதன் தலைவராகவும் விளங்கினார். அமெரிக்காவில் விவசாய இலாகாவும், மாநிலந்தோறும் நிலக்கொடை பெற்ற விவசாயக் கல்லூரிகளுக்கு வழிசெய்த சட்டமும் 1862-ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டன. ஆயினும் அக்கல்லூரிகளில் கற்பிப்பதற்கேற்ற, உள்நாட்டு மண்ணில் சோதித்தறிந்த உண்மைகள் மிகக் குறைவாகவே இருந்தன. மாணவருக்குப் பாடம் சொல்லத் தொடங்கிய நாப், இக்குறையை உடனே உணர்ந்தார். ஒவ்வொரு கல்லூரியுடனும் ஓர் ஆராய்ச்சி நிலையம் இணைக்கப்பட வேண்டும், அதற்கு மத்திய அரசாங்கம் பொருளுதவி செய்ய வேண்டும் என்னும் கருத்துடன் அவர் வரைந்த மசோதா 1882-இல் அமெரிக்கப் பேரவையில் கொண்டுவரப்பட்டது. அது அப்போது நிறைவேறவில்லை. எனினும் அதே நோக்கத்தை உடைய ஹாட்ச் சட்டம் 1887-இல் நிறைவேறி, மாநில ஆராய்ச்சி நிலையங்கள் தோன்றக் காரணமாயிற்று.

இவ்வாறு, விஞ்ஞான உண்மைகளைத் தேடும் ஏற்பாட்டிற்கு அடிகோலியவர்களுள் நாப் ஒருவர். அவ்வுண்மைகளைக் குடியானவரிடம் சேர்ப்பிக்கும் ஏற்பாட்டிற்கு அவர் வந்து சேர இன்னும் இருபதாண்டுகள் ஆயின. அந்த இடைக்காலத்தை அவர் கல்லூரியில் கழிக்கவில்லை, வயலிலேயே கழித்தார்.

புல்வெளியில் விளைந்த நெல்

1880-களின் நடுவில் அவர் தெற்கே லூயிஸியானா மாநிலத்தின் லேக் சார்ல்ஸ் நகருக்குச் சென்றார். அங்கே ஏறத்தாழ பத்து லட்சம் ஏக்கர் நிலத்தை வாங்கியிருந்த ஒரு குழுமம், அதில் மக்களைக் குடியேற்றும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. நிலமோ பரந்த புல்வெளி. அது மாடு மேய்வதற்கன்றி வேறெதற்கும் உதவாது என்பது அங்குள்ளோர் கருத்து. வடக்கிலிருந்து வந்து பார்த்தவர்களும் அவ்வாறே கேட்டுத் திரும்பிச் சென்றனர். துண்டுப் பிரசுரங்களும் பிரசங்கங்களும் பயன் தரவில்லை.

அப்போது நாப் ஒரு வழி கண்டார். நிலப்பகுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு திறமையான குடியானவரை மட்டும் தேர்ந்தெடுத்து, அவருக்குச் சலுகை விதிகளின்பேரில் நிலம் அளித்து, நன்முறையில் பயிரிடச் செய்தார். அவருடைய விளைச்சலே அக்கம்பக்கத்தாருக்கும் புதிதாய் வருவோருக்கும் விடையாயிற்று. ஒருவர் வெற்றிபெற்றதைக் கண்டு பலர் பின்தொடர்ந்தனர். பின்னாளில் அவர் புகழுக்குக் காரணமான முறையின் வித்து இங்கேயே ஊன்றப்பட்டது.

அப்புல்வெளியில் நெல் செழித்ததற்கு ஒரு மண்ணியல் காரணம் உண்டு. மேல்மண்ணுக்குக் கீழே நீரை உள்வாங்காத இறுகிய களிமண் படிவம் இருந்தது. ஆகவே வயலில் தேக்கிய நீர் எளிதில் கசிந்து போகவில்லை. அறுவடைக்கு முன் நீரை வடித்துவிட்டால், அதே படிவத்தின் வலிமையால் தரை விரைவில் உறுதியடைந்து, கனத்த இயந்திரங்களையும் தாங்கியது. எனவே, அயோவாவில் கோதுமை அறுத்த இயந்திரங்களைச் சிறிது மாற்றியமைத்து நெல் வயலில் ஓட்ட முடிந்தது. அதுவரை அங்கே மழையை நம்பிச் சிறு துண்டுகளில் கையால் விளைவித்து வந்த நெல், ஓடைகளிலிருந்து நீராவிப் பம்புகளால் நீர் இறைத்துப் பெரும் பரப்பில் விளையும் பயிராக மாறியது. நாப்பும் தம் மக்களுடன் நெல் பயிரிட்டார். நெல் விவசாயிகளின் சங்கத்திற்குத் தலைமை தாங்கினார்.

ஆனால் ஒரு தொல்லை எஞ்சியது. அங்கு வழக்கிலிருந்த நீண்ட மணி நெல், ஆலையில் குத்தும்போது பெருமளவு நொறுங்கி நொய்யாயிற்று. நொய் அரிசிக்கு விலை இல்லை. அப்போது அமெரிக்காவின் விவசாய மந்திரியாயிருந்தவர் ஜேம்ஸ் வில்ஸன். ஸ்காட்லாந்தில் பிறந்து அயோவாவில் பண்ணை நடத்திய அவர், 1897 முதல் 1913 வரை மூன்று ஜனாதிபதிகளின் கீழ் அப்பதவியை வகித்தவர். நாப்பை நன்கறிந்த அவர், 1898-இல் அவரை விவசாய இலாகாவின் சார்பில் கீழ்த்திசை நாடுகளுக்கு அனுப்பினார். நாப்புக்கு அப்போது வயது அறுபத்துநான்கு. ஜப்பானிலிருந்து அவர் கொண்டுவந்த கியூஷு என்னும் குட்டை மணி நெல், ஆலையில் மிகக் குறைவாகவே நொறுங்கியது. குடியானவராயிருந்தவர் அரசாங்க அதிகாரியானது இவ்வாறே. 1902-இல் தென் மாநிலங்களில் விவசாயத்தை மேம்படுத்துவதற்கான விசேஷ ஊழியராக அவர் நியமனம் பெற்றார்.

கூன்வண்டின் படையெடுப்பு

அப்பதவியை அவர் ஏற்ற காலத்தில் தென் மாநிலங்களைப் பெருந்துன்பம் ஒன்று சூழ்ந்திருந்தது. மெக்ஸிகோவிலிருந்து 1892-ஆம் ஆண்டளவில் டெக்ஸாஸ் மாநிலத்தின் தென்கோடியில் நுழைந்த பருத்திக் காய்க் கூன்வண்டே அத்துன்பம். நம் நாட்டுக் குடியானவர் அறிந்த பருத்திக் காய்ப்புழு அந்துப்பூச்சி இனத்தைச் சேர்ந்தது. இதுவோ நீண்ட மூக்கை உடைய, ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு வண்டு. பெண் வண்டு, சப்பை எனப்படும் பருத்தி மொக்கைத் தன் மூக்கால் துளைத்து, துளைக்கு ஒன்றாக முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு மொக்கின் உட்பகுதியைத் தின்று வளரும். மொக்கு உதிர்ந்து தரையில் விழும். அதனுள்ளிருந்தே புதிய வண்டு வெளிப்படும். முட்டை வண்டாக மாறச் சுமார் மூன்று வாரங்கள் போதும். ஆகையால் ஒரே பருவத்தில் பல தலைமுறைகள் தோன்றி, பருவத்தின் முடிவில் மொக்குகளில் ஒன்றுகூடத் தப்புவதில்லை. புழு மொக்கின் உள்ளே மறைந்திருப்பதால் அக்காலத்து நச்சு மருந்துகள் அதனை எட்டவில்லை.

ஆண்டுதோறும் இவ்வண்டு வடக்கும் கிழக்குமாகப் பரவியது. பருத்தி ஒன்றையே நம்பியிருந்த வட்டங்களில் வணிகர் கடன் கொடுக்க அஞ்சினர்; நிலத்தின் விலை சரிந்தது; வேலையாட்கள் ஊரைவிட்டு அகன்றனர்.

இலாகாவின் பூச்சியியல் அறிஞர்கள் வண்டின் வாழ்க்கையை ஆராய்ந்து, அதனைக் கொல்ல முடியாவிட்டாலும் அதனை முந்த முடியும் என்று கண்டிருந்தனர். விரைவில் முதிரும் விதையைப் பருவத்தின் தொடக்கத்திலேயே விதைக்க வேண்டும். வரிசைகளுக்கு இடையே போதிய இடைவெளி விட்டு அடிக்கடி மேலாகக் கொத்தி உழ வேண்டும். உரமிட்டுக் காய்களை விரைவுபடுத்த வேண்டும். உதிர்ந்த மொக்குகளைப் பொறுக்கி எரிக்க வேண்டும். அறுவடை முடிந்ததும், உறைபனி வரும்வரை காத்திராமல், செடிகளை வேரோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும். இவ்வாறு செய்தால் வண்டுக் கூட்டம் பெருகுவதற்கு முன்பே காய்களின் பெரும்பகுதி முதிர்ந்துவிடும். குளிர்காலத்தில் வண்டு உணவும் உறைவிடமும் இன்றி மடியும்.

இவ்வுண்மைகள் அறிக்கைகளாக அச்சிடப்பட்டு வெளிவந்தன. ஆனால் படித்தவர் சிலர். நம்பியவர் அவரினும் சிலர். செய்து பார்த்தவர் மிகமிகச் சிலர். விஞ்ஞானம் விடை கண்டிருந்தும் வயல்கள் அழிந்துகொண்டிருந்தன.

டெரல் நகரத்து உடன்பாடு

நாப் முதலில் இலாகாவின் செலவிலேயே மாதிரிப் பண்ணைகள் சிலவற்றை ஏற்படுத்தினார். பயிர்கள் நன்றாகவே விளைந்தன. ஆனால் சுற்றியிருந்த குடியானவர்கள் அவற்றைக் கண்டு அசையவில்லை. அரசாங்கத்தின் பணமும் அரசாங்கத்தின் கூலியாட்களும் இருந்தால் யாரும் இப்படி விளைவிக்கலாம் என்பதே அவர்களின் எண்ணம். இந்தத் தோல்வியிலிருந்து நாப் தம் கொள்கையை வகுத்தார். நிலம் குடியானவனுடையதாக இருக்க வேண்டும். உழைப்பும் அவனுடையதாக இருக்க வேண்டும். இலாபமும் அவனுடையதாகவே இருக்க வேண்டும். இலாகா தரவேண்டியது அறிவுரை ஒன்றே. ஒருவன் காதால் கேட்பதையும் கண்ணால் காண்பதையும்கூட ஐயுறலாம். தன் கையால் செய்து கண்டதை ஐயுற மாட்டான் என்பது அவருடைய உறுதியான முடிவு.

1903-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் டெக்ஸாஸ் மாநிலத்தின் டெரல் நகரில் வணிகரும் குடியானவரும் கூடிய கூட்டத்தில் அவர் இத்திட்டத்தை எடுத்துரைத்தார். அவ்வூர்க் குடியானவரான வால்டர் போர்ட்டர் என்பவரின் பண்ணையில் 70 ஏக்கர் நிலம் சோதனைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. புதிய முறையால் போர்ட்டருக்கு இழப்பு ஏதும் நேர்ந்தால் அதனை ஈடுசெய்வதற்காக நகரத்தார் தங்களுக்குள் பணம் திரட்டி வைத்தனர். நாப்புக்கு அப்போது வயது அறுபத்தொன்பது.

இந்த உடன்பாட்டின் நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். புதிய முறையின் மீது குடியானவனுக்கு இருந்த அச்சம் நியாயமானது என்பதை நாப் ஒப்புக்கொண்டார். அவ்வச்சத்தைக் கண்டித்தோ, ஏளனம் செய்தோ போக்க முயலவில்லை. இழப்பின் சுமையை ஊரார் பகிர்ந்துகொள்ளச் செய்து அதனை நீக்கினார். ஊரார் பணம் போட்டதால் அந்த வயல் ஊரின் வயலாகவும் ஆயிற்று. அதில் என்ன நடக்கிறது என்று ஒவ்வொருவரும் வேலியோரம் நின்று பார்த்தனர்.

ஆண்டின் முடிவில் போர்ட்டர் கணக்குக் கூறினார். பழைய முறையில் பயிரிட்டிருந்தால் கிடைத்திருக்கக் கூடியதைவிட 700 டாலர் அதிகமாகக் கிடைத்ததாக அவர் மதிப்பிட்டார். ஈட்டுத் தொகையைத் தொட வேண்டிய அவசியமே நேரவில்லை.

இலாகாவில் ஒரு புதிய கிளை

1904-இல் கூன்வண்டின் கொடுமையைச் சமாளிக்க அமெரிக்கப் பேரவை சிறப்பு நிதி ஒதுக்கியது. அதில் 40,000 டாலர் நாப்பின் பணிக்குக் கிடைத்தது. அவர் ஹூஸ்டன் நகரில் அலுவலகம் அமைத்து, ஊழியர்களைத் தேடினார். பட்டம் பெற்றவர்களை அவர் முதன்மையாக நாடவில்லை. அந்தந்தப் பகுதியில் நன்றாகப் பயிரிட்டுப் பெயர் பெற்ற, அண்டையார் மதிக்கும் குடியானவர்களையே தேர்ந்தெடுத்தார். முதலாண்டிலேயே 7,000-க்கும் மேற்பட்ட குடியானவர்கள் தங்கள் நிலத்தின் ஒரு பகுதியில் இலாகாவின் அறிவுரைப்படி பயிரிட இசைந்தனர்.

ஊழியர் ஒவ்வொருவரும் இரயிலிலும் குதிரை மீதும் நெடுந்தூரம் சுற்ற வேண்டியிருந்தது. பரப்பு பெரிதாக இருந்ததால் அடிக்கடி ஒரே வயலைப் பார்க்க இயலவில்லை. டெக்ஸாஸிலுள்ள ஸ்மித் வட்டத்து மக்கள், தங்கள் வட்டத்திற்கென்றே ஓர் ஊழியர் வேண்டும் என்றும், அவருடைய ஊதியத்தில் ஒரு பங்கைத் தாங்களே தருவதாகவும் முன்வந்தனர். அவ்வாறே 1906-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் ஸ்டாலிங்ஸ் என்பவர் நியமிக்கப்பட்டார். ஒரு வட்டத்திற்கு ஒரு விவசாய ஊழியர் என்னும் ஏற்பாடு அன்றே தொடங்கிற்று. கூன்வண்டு எட்டாத மாநிலங்களில் இலாகாவின் அவசர நிதியைச் செலவிட இயலாமையால், அங்கு ராக்பெல்லர் குடும்பத்தின் கொடையால் இயங்கிய பொதுக் கல்விக் குழு பொருளுதவி செய்தது.

வண்டை எதிர்க்கத் தொடங்கிய பணி, விரைவில் பண்ணை வாழ்வு முழுவதையும் தழுவியது. நாப் தம் அறிவுரைகளைப் பத்துக் கட்டளைகளாகத் தொகுத்திருந்தார். ஆழ உழுதல், தேர்ந்த விதை, வரிசை விதைப்பு, அடிக்கடி களை கொத்துதல், பயறு வகைகளாலும் எருவினாலும் மண்ணை வளப்படுத்தல், பயிர் மாற்றம், உழைப்பைக் குறைக்கும் கருவிகள், கால்நடைப் பெருக்கம், குடும்பத்திற்கும் மாட்டிற்கும் வேண்டிய உணவைச் சொந்த நிலத்திலேயே விளைவித்தல், ஒழுங்கான கணக்கு ஆகியவை அவற்றின் பொருள். இவற்றுள் புதுமை என்று சொல்லத்தக்கது மிகக் குறைவே. பருத்தியை மட்டுமே விதைத்துவிட்டு, உண்ணும் சோளத்தையும் இறைச்சியையும் கடனுக்கு வாங்கிய ஒரு நாட்டுப்புறத்திற்கு, வீட்டுக்கு வேண்டியதை வீட்டிலேயே விளைவி என்பதே பெரும் மாறுதலாக இருந்தது.

பெரியோர் மட்டுமின்றிச் சிறுவரும் இப்பணியில் சேர்க்கப்பட்டனர். மக்காச்சோளச் சங்கங்களில் சேர்ந்த சிறுவன் ஒவ்வொருவனும் ஒரு ஏக்கரில் தானே பயிரிட்டுக் கணக்கு வைக்க வேண்டும். 1910-இல் தென் கரோலினாவைச் சேர்ந்த ஜெர்ரி மூர் என்னும் சிறுவன் ஒரு ஏக்கரில் 228 முக்கால் புஷல், அதாவது ஏறத்தாழ 5,800 கிலோகிராம் மக்காச்சோளம் விளைவித்தான். அம்மாநிலத்தின் அக்காலத்துச் சராசரி விளைச்சல் அதில் பத்தில் ஒரு பங்கையும் எட்டவில்லை. அதே ஆண்டில் அதே மாநிலத்தில் மேரி குரோமர் என்னும் ஆசிரியை, சிறுமியர் தக்காளி பயிரிட்டுப் பக்குவம் செய்து டப்பிகளில் அடைக்கும் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். சிறுமியரைப் பின்தொடர்ந்து அவர்தம் தாய்மாரிடமும், வயலிலிருந்து அடுப்பங்கரைக்கும் இப்பணி சென்றது.

வேலிக்கு வெளியே நின்றவர்கள்

நாப்பின் பணியைப் போற்றும்போது அதன் எல்லையையும் கூறுதல் நேர்மையாகும். அக்காலத் தென் மாநிலங்களில் நிலமற்ற வாரக்குடிகள் மிகப் பலர். எதை விதைப்பது என்பதை நிலவுடைமையாளரோ கடன் கொடுத்த வணிகரோ தீர்மானித்த நிலையில், பயிர் மாற்றத்தைப் பற்றிய அறிவுரை அவர்களுக்கு எட்டாக் கனியாகவே இருந்தது. தம் நிலத்தில் தாமே முடிவு செய்யக்கூடிய குடியானவரே இம்முறையால் பெரும் பயன் பெற்றனர்.

கறுப்பினத்தாரின் நிலை மேலும் கடினமானது. அலபாமாவிலுள்ள டஸ்கேகீ கல்வி நிலையத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்னும் அறிஞர், கருவிகளும் விதைகளும் ஏற்றிய வண்டி ஒன்றைக் கிராமங்களுக்கு அனுப்பும் ஏற்பாட்டை 1906-இல் உருவாக்கினார். அவ்வண்டியுடன் சென்று கற்பிக்கும் பொறுப்பு தாமஸ் காம்ப்பெல் என்பவருக்கு அளிக்கப்பட்டது. அவர் அவ்வாண்டு நவம்பரிலேயே நாப்பின் பணியில் முதல் கறுப்பின ஊழியராகச் சேர்ந்தார். ஆயினும் கறுப்பின ஊழியர்களின் எண்ணிக்கை அவ்வினத்துக் குடியானவரின் தொகைக்குச் சிறிதும் ஈடாகவில்லை. பின்னர் வந்த சட்டமும், தென் மாநிலங்களில் நிதியை நிர்வகிக்கும் அதிகாரத்தை வெள்ளையர் கல்லூரிகளின் கையிலேயே விட்டுவைத்தது. விஞ்ஞானம் எல்லார்க்கும் பொதுவெனினும், அதனை எடுத்துச் செல்லும் வண்டி சில வாயில்களில் நிற்காமலே சென்றது என்பதை வரலாறு மறைப்பதற்கில்லை.

கூன்வண்டும் நாப்பின் முறையால் அழிந்துவிடவில்லை. 1920-களின் தொடக்கத்திற்குள் அது அமெரிக்காவின் பருத்தி நாடு முழுவதிலும் பரவிவிட்டது. 1978-இல் வர்ஜீனியா, வட கரோலினா எல்லையில் தொடங்கிய ஒழிப்புத் திட்டத்தின் பயனாகவே, இனக்கவர்ச்சிப் பொறிகளின் துணையோடு, ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலிருந்தும் அது அகற்றப்பட்டது. நாப் செய்தது வேறு. வண்டு இருக்கும் நிலத்திலும் குடும்பம் பிழைக்க முடியும் என்பதைக் குடியானவன் தன் கணக்குப் புத்தகத்திலேயே படித்தறியும்படி செய்தார்.

அவருக்குப் பின்

1911-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள், எழுபத்தேழாம் வயதில், பதவியில் இருந்தபோதே நாப் வாஷிங்டனில் காலமானார். அவர் முன்னாளில் பணியாற்றிய அயோவாக் கல்லூரி அமைந்த ஏம்ஸ் நகரில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் மகன் பிராட்போர்டு நாப் பணியைத் தொடர்ந்து நடத்தினார். 1914 மே 8-ஆம் நாள் கையொப்பமான ஸ்மித்-லீவர் சட்டம், மத்திய அரசாங்கமும் மாநிலங்களும் வட்டங்களும் கூடிச் செலவிட்டு நடத்தும் விரிவாக்கப் பணியை நாடு முழுவதற்கும் நிலையானதாக்கியது. ஒரு வண்டின் பொருட்டு அவசரமாக எழுந்த ஏற்பாடு, ஓர் அரசாங்க அமைப்பாக நிலைபெற்றது.

அம்முறை நம் நாட்டிற்கும் வந்தது. 1948-இல் உத்தரப் பிரதேசத்தின் எடாவா மாவட்டத்தில் ஆல்பர்ட் மேயர் என்னும் கட்டடக்கலை நிபுணரின் யோசனையின்பேரில் தொடங்கிய முன்னோடித் திட்டத்தில், அமெரிக்க விவசாய விரிவாக்கப் பணியில் பழகிய ஹோரஸ் ஹோம்ஸ் என்பவர் பணியாற்றினார். தேர்ந்த கோதுமை விதையும் பசுந்தாள் உரமும் அங்கே குடியானவர்களின் சொந்த வயல்களிலேயே செய்து காட்டப்பெற்றன. 1952 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய சமுதாய அபிவிருத்தித் திட்டம் அந்த அனுபவத்திலிருந்தும் பாடம் பெற்றது. 1965-இல் தேசியச் செய்முறை விளக்கத் திட்டம் தோன்றியபோது, விஞ்ஞானிகளே குடியானவரின் வயலுக்கு வந்து, புதிய விதைகளின் விளைதிறனை அவர் கண்முன்னே காட்டினர். 1974-இல் கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் முதல் வேளாண் அறிவியல் நிலையம் புதுச்சேரியில் அமைந்தது. இன்று நாடெங்கும் 700-க்கும் மேற்பட்ட அத்தகைய நிலையங்கள் உள்ளன. செய்து கற்றல் என்பதே அவற்றின் அடிப்படைக் கொள்கை.

நாப்பின் வாழ்க்கையை நோக்குவோர்க்கு ஒன்று தெளிவாகும். அவர் புதிய விதை எதையும் தோற்றுவிக்கவில்லை. புதிய மருந்து எதையும் கண்டறியவில்லை. பனியில் மந்தையை இழந்த குடியானவர் ஒருவர், அரசாங்கத்தின் அதிகாரத்தைப் பெற்றபோது, அதனை ஆணையிடுவதற்குப் பயன்படுத்தாமல், மற்றொரு குடியானவனின் அச்சத்தைப் பங்கிட்டுக் கொள்வதற்குப் பயன்படுத்தினார். புதிய விதையையோ புதிய முறையையோ கொண்டு கிராமத்திற்குச் செல்லும் ஊழியர் எவரும் இக்காலத்திலும் சந்திக்கும் முதற் கேள்வி, விளையாவிட்டால் யார் பொறுப்பு என்பதே. டெரல் நகரத்தார் 1903-இல் அக்கேள்விக்கு ஒரு விடை அளித்தனர். பயிர்க் காப்பீடும் செய்முறை வயல்களும் அவ்விடையையே இன்று வேறு உருவில் தர முயல்கின்றன. அவ்விடை எந்த அளவுக்குக் குடியானவனின் வீட்டு வாயிலை எட்டுகிறதோ, அந்த அளவுக்கே ஆராய்ச்சிச் சாலையின் உழைப்பும் களத்து மேட்டில் நெல்லாகவும் பருத்தியாகவும் குவியும்.